டொலர் ஓடும், விலை நடக்கும்

2022 மே மாதத்தில் ஒரு காலை. பழைய சோனகத் தெருவில் கடையைத் திறந்து முதல் வியாபாரத்துக்காகக் காத்திருந்த வேளை, வங்கியிலிருந்து தொலைபேசி வந்தது. ஜனவரியில் இறக்கிய கொள்கலனுக்குரிய 120 நாள் தவணை முடிந்துவிட்டது, பணத்தைக் கட்டுங்கள் என்றார்கள். தொகை 20,000 டொலர். பூட்டும், பிணைச்சலும், தாழ்ப்பாளும் வந்த கொள்கலன் அது. சரக்கு வந்தபோது டொலர் 203 ரூபா. அந்தக் கணக்கில் எனது கடன் 40 இலட்சத்து 60 ஆயிரம். அதற்கேற்ப விலை போட்டு, சரக்கில் பெரும்பகுதியை விற்றும் முடித்திருந்தேன். கடனைக் கட்டிய அன்று டொலர் 360 ரூபா. கட்டிய தொகை 72 இலட்சம். இலாபத்துக்கு விற்ற சரக்குக்குக் கைப்பணத்திலிருந்து 31 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா மேலதிகமாகக் கொடுத்தேன்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவ்வருட இறுதியில் இன்னொரு தவறு செய்தேன். தெருவில் எவரைக் கேட்டாலும் ஒரே பேச்சு. "நாநா, டொலர் ஐந்நூறுக்குப் போகுதாம். சரக்கை வாங்கிப் போடுங்க, பிறகு இந்த விலைக்குக் கிடைக்காது." நானும் நம்பினேன். ஒரு முறை சூடுபட்டவன் அல்லவா? மகளின் பெயரில் வாங்கி வைத்திருந்த ஒரு துண்டுக் காணியை விற்று, 360, 370 என்று கணக்குப் போட்ட விலையில் ஸ்டோரை நிரப்பினேன். 2023 ஜூனில் டொலர் 300க்குக் கீழே இறங்கியது. புதிதாக இறக்கியவர்கள் எனது வாங்கு விலைக்கும் குறைவாக விற்றார்கள். எனது ஸ்டோரில் இருந்த பூட்டுகள் அப்படியே பூட்டுப் போட்டுக் கிடந்தன.

முதல் தடவை டொலர் ஏறாது என்று நம்பி நட்டப்பட்டேன். இரண்டாம் தடவை டொலர் இறங்காது என்று நம்பி நட்டப்பட்டேன். ஒரே மனிதன் ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு பக்கமும் அடி வாங்கியது எப்படி? எமது தெருவில் பலருக்கு நடந்ததும் இதுதான். இந்தக் கேள்விக்கான பதில் 1976ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். எழுதியவர் ரூடிகர் டோர்ன்புஷ் என்ற பொருளியல் பேராசிரியர். அவரைப் பற்றியும், அவர் விட்டுச் சென்ற பாடத்தைப் பற்றியும்தான் இவ்வாரம் எழுதப் போகின்றேன்.

மகளின் புத்தகம்

நான் சாதாரண தரத்தோடு கடைக்கு வந்தவன். பொருளியல் எனக்குப் பாடமாக வந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கும் மகள் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். மேசையில் கனத்த புத்தகம் ஒன்று கிடந்தது. அட்டையில் டோர்ன்புஷ், பிஷர் என்று இரண்டு பெயர்கள். "வாப்பா, உங்களுக்கு நடந்தத இந்த மனுஷன் படம் போட்டே காட்டியிருக்கார்" என்றாள். எனது பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு கோட்டை வரைந்தாள். கோடு ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறி, பிறகு மெதுவாகச் சரிந்து, தொடங்கிய இடத்துக்கு மேலே ஓரிடத்தில் வந்து நின்றது. 203, 360, 300. எனது இரண்டு நட்டமும் அந்தக் கோட்டில் இருந்தன.

டோர்ன்புஷ் 1942இல் ஜேர்மனியின் கிரெபெல்ட் நகரில் பிறந்தவர். ஜெனீவாவில் படித்துவிட்டு அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1971இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரொபட் மண்டெல் அக்காலத்தில் அங்கே ஆசிரியராக இருந்தார். 1975இல் டோர்ன்புஷ் எம்.ஐ.டி. என்று அழைக்கப்படும் மசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். 2002 ஜூலையில் புற்றுநோயால் காலமானபோது அவருக்கு வயது 60தான்.

அவர் வாழ்ந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலக நாணயங்கள் டொலரோடும், டொலர் தங்கத்தோடும் கட்டப்பட்டிருந்தன. 1971 ஓகஸ்டில் அமெரிக்கா தங்கத்தோடு இருந்த கட்டை அவிழ்த்தது. 1973இல் பெரிய நாடுகளின் நாணயங்கள் மிதக்கத் தொடங்கின. சந்தையே விலையைத் தீர்மானித்தால் நாணயங்கள் அமைதியாக அசையும் என்று அறிஞர்கள் பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. பொருட்களின் விலை ஒரு அங்குலம் அசையும் இடத்தில் நாணயங்கள் ஒரு முழம் குதித்தன. சூதாடிகளின் வேலை என்றார்கள் சிலர், சந்தைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள் வேறு சிலர். எவருக்கும் பைத்தியம் பிடிக்காமலே, எல்லோரும் புத்தியோடு நடந்தாலும்கூட நாணயம் இப்படித்தான் குதிக்கும் என்று 1976இல் ஒரு கட்டுரையில் காட்டினார் டோர்ன்புஷ். "அளவுக்கு மீறிய பாய்ச்சல்" என்று அவரது கருத்தைத் தமிழில் சொல்லலாம்.

அளவுக்கு மீறிய பாய்ச்சல்

கடைக்காரன் பாஷையில் சொல்கின்றேன். சந்தையில் இரண்டு வகையான விலைகள் உண்டு. ஒன்று மெதுவாக நடப்பது. கடையின் விலைப் பட்டியல், வேலையாளின் சம்பளம், கட்டட வாடகை, கொந்தராத்துக்காரரோடு பேசிய விலை எல்லாம் இந்த வகை. இவற்றை இன்று நினைத்து நாளை மாற்ற முடியாது. வாடகை ஒப்பந்தம் முடிய வேண்டும், சம்பளம் பேச வேண்டும், வாடிக்கையாளர் மனம் கோணாமல் பார்க்க வேண்டும். மற்றது ஓடுவது. டொலரின் விலை அந்த வகை. ஒரு தொலைபேசி அழைப்பில் மாறும். காலையில் ஒன்று, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேறொன்று.

இப்போது ஓர் உதாரணம். அரசாங்கம் நாட்டில் புழங்கும் பணத்தை 10 சதவீதத்தால் கூட்டுகின்றது என்று வைத்துக்கொள்வோம். காலப்போக்கில் எல்லா விலைகளும் 10 சதவீதம் ஏற வேண்டும், டொலரும் 10 சதவீதம் ஏற வேண்டும். கணக்கு நேரானது. ஆனால் முதல் நாளிலேயே பொருள் விலைகள் ஏறுவதில்லை. எனவே கூடுதலாக வந்த பணம் போக இடமின்றி வங்கிகளில் தேங்குகின்றது, வட்டி வீதம் இறங்குகின்றது. ரூபாவை வைத்திருப்பதைவிட டொலரை வைத்திருப்பது இலாபம் என்ற நிலை வருகின்றது.

அப்படியானால் எவன் ரூபாவை வைத்திருப்பான்? இனிமேல் ரூபாவின் பெறுமதி ஏறும் என்று நம்பினால் மாத்திரமே வைத்திருப்பான். இனிமேல் ஏற வேண்டுமென்றால் இன்று அது வேண்டிய அளவையும் தாண்டி விழுந்திருக்க வேண்டும். ஆகவே 10 சதவீதம் ஏற வேண்டிய டொலர் முதலில் 15 சதவீதம் ஏறிவிடுகின்றது. பொருள் விலைகள் மெல்ல மெல்ல ஏறி, வட்டி வீதமும் பழைய நிலைக்குத் திரும்பும்போது டொலர் 15இலிருந்து 10க்கு இறங்கி நிற்கின்றது. இரண்டு பேர் தூக்க வேண்டிய மூட்டையில் ஒருவர் கை வைக்காமல் நின்றால் மற்றவர் முழுப் பாரத்தையும் சுமக்கத்தானே வேண்டும்? நடக்கின்ற விலைகள் அசையும்வரை ஓடுகின்ற விலை இரண்டு பேரின் பாரத்தையும் சுமக்கின்றது.

மகள் இதைச் சொன்னபோது எனக்கு 1997 நினைவுக்கு வந்தது. அப்போது எனது நண்பர் ஒருவர் பாங்கொக் சென்று ஆயத்த ஆடை வாங்கி வந்து புறக்கோட்டையில் மொத்தமாக விற்பார். 1997 ஜூலை 2ஆம் திகதி தாய்லாந்து தனது பாத் நாணயத்தை மிதக்க விட்டது. அதுவரை ஒரு டொலருக்கு ஏறக்குறைய 25 பாத். 1998 ஜனவரியில் 50ஐயும் தாண்டியது. நண்பர் போய் வந்து வாயெல்லாம் பல்லாகச் சொன்னார், "மச்சான், பிரதுனாம் சந்தையில சட்டையின் விலை பெரிசா மாறல்ல. ஆனா எண்ட டொலருக்கு இரட்டைப் பாத் தர்றான்." ஓடும் விலையும் நடக்கும் விலையும் ஒரே சந்தையில் அருகருகே நின்ற காட்சி அது. 1998 முடியும்போது பாத் 36, 37 என்ற அளவுக்குத் திரும்பிவிட்டது. 25, 50க்கு மேல், பிறகு 36. மகள் வரைந்த அதே கோடு.

மெதுவாக வரும், வேகமாக விழும்

டோர்ன்புஷ் சொன்ன இரண்டாவது விடயம் கட்டுரையைவிடப் பிரபலமானது. மெக்சிகோவின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது அவர் சொன்ன கருத்து அது. நெருக்கடி வருவதற்கு நாம் நினைப்பதைவிட அதிக காலம் எடுக்கும், வந்துவிட்டாலோ நாம் நினைப்பதைவிட வேகமாக நடந்து முடியும் என்பதே அதன் சாரம்.

மெக்சிகோவின் கதையை எமது வியாபாரிகள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1994இன் ஆரம்பத்தில் அந்த நாடு எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. வட அமெரிக்க சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் அவ்வருடம் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. நிதி அமைச்சர் பெட்ரோ அஸ்பே, டோர்ன்புஷ் கற்பித்த அதே எம்.ஐ.டி.யில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அப்படியிருந்தும் டோர்ன்புஷ் முகத்துக்கு அஞ்சவில்லை. அலெஹாந்த்ரோ வெர்னர் என்ற இளம் மெக்சிகோ அறிஞரோடு சேர்ந்து அந்த வருடத்தின் முற்பகுதியில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பெசோ அளவுக்கு மீறி உயர்த்திப் பிடிக்கப்பட்டிருக்கின்றது, 20 சதவீதம் இறக்கிவிடுங்கள் என்பது அதன் ஆலோசனை. மெக்சிகோ கேட்கவில்லை.

மாதங்கள் ஓடின. வருட ஆரம்பத்தில் 25 பில்லியனுக்கு மேல் இருந்த டொலர் கையிருப்பு டிசம்பரில் சில பில்லியனாகக் கரைந்தது. டிசம்பர் 20ஆம் திகதி பெசோவை 15 சதவீதம் இறக்கிப் பார்த்தார்கள். இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 22ஆம் திகதி மிதக்க விட்டார்கள். 3.4 அளவில் இருந்த டொலர் 1995 மார்ச்சில் 7 பெசோவைத் தாண்டியது. அந்த வருடம் நாட்டின் மொத்த உற்பத்தி 6 சதவீதத்துக்கும் மேலாகச் சுருங்கியது. வசந்த காலத்தில் 20 சதவீதத்தோடு முடிந்திருக்கக்கூடிய வேலை, குளிர்காலத்தில் நாட்டையே உலுக்கிவிட்டது.

எமது நாட்டுக்கு வருவோம். 2021 செப்டெம்பரிலிருந்து டொலர் 200 ரூபா அளவில் பிடித்து வைக்கப்பட்டது. பலகையில் விலை அசையவே இல்லை. ஆனால் வங்கிக்குப் போனால் எல்.சி. திறக்க டொலர் இல்லை என்றார்கள். உண்டியலில் வேறு விலை. வெளிநாட்டில் உழைக்கும் எமது சகோதரர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்து, 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் விழுந்தது. அவர்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை. நல்ல விலை கிடைத்த வழியால் அனுப்பினார்கள், அவ்வளவுதான். 2022 மார்ச் 7ஆம் திகதி கட்டு அவிழ்க்கப்பட்டது. 230க்கு மேல் போகாது என்று எதிர்பார்த்தார்கள். சில நாட்களில் அதைக் கடந்தது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. மே மாதம் 360.

பாடப்புத்தகக் கணக்கும் எமது கதையும் அச்சொட்டாக ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அவரது கணக்கில் வட்டி வீதம் இறங்குவதால் டொலர் பாய்கின்றது. இங்கே 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் வட்டியை உயர்த்தியது. எமது டொலரைத் துரத்தியது வெறுங்கையிருப்பும் பயமும். பின்னர் ரூபா மீண்டதற்கும் இறக்குமதித் தடைகள், கடன் கொடுப்பனவு நிறுத்தம், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் அனுமதித்த ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் கடன், திரும்பி வந்த உல்லாசப் பயணிகள் என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும் அவர் காட்டிய வடிவம் மாறவில்லை. நீண்ட காலம் அசையாமை, பிறகு அளவுக்கு மீறிய பாய்ச்சல், பிறகு பாதி வழி திரும்பல். 2022 முடிவில் 363 ஆக இருந்த டொலர் 2023 முடிவில் 324க்கும் 2024 முடிவில் 293க்கும் வந்தது. ஆனால் 203க்கு அது திரும்பவே இல்லை.

நாமும் கைதட்டினோம்

இந்த இடத்தில் எமது முகத்தையும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். 2021இல் டொலர் 200இல் நிற்கட்டும் என்று விரும்பியவர்களில் நானும் ஒருவன். இறக்குமதி வியாபாரிக்கு மலிவு டொலர் கசக்குமா? 2019 டிசம்பரில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டபோதும் எமது தெருவில் சந்தோஷம்தான். குறைந்த வரியால் ஏற்பட்ட ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பார்கள் என்று எம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

டோர்ன்புஷ், செபஸ்டியன் எட்வர்ட்ஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து இலத்தீன் அமெரிக்காவின் ஜனரஞ்சகப் பொருளாதாரக் கொள்கைகளைப் பற்றி ஆராய்ந்தார். சிலி, பெரு போன்ற நாடுகளின் அனுபவத்தை வைத்து அவர்கள் ஓர் ஒழுங்கைக் கண்டார்கள். முதலில் அரசாங்கம் தாராளமாகச் செலவிடும், சம்பளம் கூடும், கடைகளில் வியாபாரம் நன்றாக நடக்கும், எச்சரித்தவர்கள் கேலிக்குள்ளாவார்கள். பிறகு கையிருப்பு கரையும், தட்டுப்பாடு வரும். பிறகு விலைகள் வெடிக்கும். கடைசியில் எந்த ஏழைக்காக என்று சொல்லி ஆரம்பித்தார்களோ அந்த ஏழையின் சம்பளம் ஆரம்பித்த இடத்தையும்விடக் கீழே போயிருக்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் உயர்ந்திருந்ததைக் கண்டவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

முதற்கட்டத்தில் கைதட்டுகின்ற கூட்டத்தில் வியாபாரிகள் எப்போதும் முன்வரிசையில் இருக்கின்றார்கள். அதனால்தான் இதை எழுதுகின்றேன். அதிகாரிகள் பிழை செய்தார்கள் என்று பேசுவது சுலபம். அந்தப் பிழை எமக்கு இனித்த காலத்தில் நாம் மௌனமாக இருந்தோம் என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் அடுத்த முறையாவது புத்தி வரும்.

அவரும் மனிதர்தான்

ஒருவரைப் புகழ்ந்து எழுதும்போது அவரது தவறுகளை மறைப்பது நியாயமல்ல. ஐரோப்பாவின் பொது நாணயத்தில் டோர்ன்புஷுக்கு நம்பிக்கை இருக்கவில்லை. 1996இலேயே அதைச் சாடி எழுதினார். யூரோ 1999இல் பிறந்தது, நெருக்கடிகளைச் சந்தித்தது, ஆனாலும் நிலைத்துவிட்டது.

இன்னொன்று எனக்கு உடன்பாடில்லாதது. ஆர்ஜன்டீனா 2001 டிசம்பரில் கடன் கட்ட முடியாமல் வீழ்ந்தபோது, அந்த நாட்டின் நிதி நிர்வாகத்தையே சில காலம் வெளிநாட்டு நிபுணர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சக பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து 2002இல் யோசனை சொன்னார். கடையில் நட்டம் வந்தால் ஆலோசகரை அழைக்கலாம், லாச்சிச் சாவியைக் கொடுத்துவிட முடியாது. வைத்தியம் சரியாக இருந்தாலும் நோயாளியின் கௌரவத்தை மறந்த வைத்தியம் அது. ஆர்ஜன்டீனாவும் அந்த யோசனையை ஏற்கவில்லை.

அவரது கொள்கையை வைத்து நாளைய டொலர் விலையைச் சொல்ல முடியுமா? முடியாது. 1983இல் ரிச்சர்ட் மீஸ், கென்னத் ரொகோப் ஆகிய இருவர் அக்காலத்துக் கணக்குகளையெல்லாம் பரிசோதித்தார்கள். சில மாதங்களுக்குப் பிந்திய விலையைக் கணிப்பதில் அவற்றில் எதுவும், இன்றைய விலைதான் அன்றைக்கும் இருக்கும் என்று சொல்பவனைவிடக் கெட்டித்தனமாக இல்லை என்று கண்டார்கள். இந்த ரொகோப்பும் எம்.ஐ.டி.யில் டோர்ன்புஷிடம் படித்தவர், பின்னர் சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்தவர். குருவின் கணக்கையும் சேர்த்துத்தான் சீடர் உரைத்துப் பார்த்தார். அதன் பின்னரும் குருவின் கட்டுரைக்கு 25 வருடம் ஆனபோது அதைப் போற்றி நீண்ட உரை நிகழ்த்தியவரும் அதே ரொகோப்தான். அங்கே படித்தவர்களில் 2008இல் நோபல் பரிசு பெற்ற போல் குருக்மன், நாணய நிதியத்தின் மற்றொரு தலைமைப் பொருளியலாளரான மொரிஸ் ஒப்ஸ்பெல்ட் ஆகியோரும் அவரது மாணவர்கள். ஒரு மனிதர் விட்டுச் செல்லும் சொத்தில் இது பெரும் பங்கு.

ஆக, டொலர் எத்தனை ரூபாவுக்குப் போகும் என்று அவர் எமக்குச் சொல்லவில்லை. எந்த வழியாகப் போகும், எப்படித் திரும்பும் என்று சொன்னார். வியாபாரிக்கு அதுவே போதும்.

கடைக்கு நான்கு பாடம்

முதலாவது, பலகையில் இருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், கையிருப்பைப் பாருங்கள். அதிலும் மொத்தக் கையிருப்பு வேறு, எடுத்துச் செலவழிக்கக்கூடிய கையிருப்பு வேறு. 1997இல் தாய்லாந்தின் புத்தகத்தில் பெரிய தொகை இருந்தது, அதில் பெரும்பகுதி முற்கூட்டிய ஒப்பந்தங்களில் ஏற்கெனவே மாட்டியிருந்தது. இங்கே 2022 மே மாதம், பாவிக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலரும் இல்லை என்று நிதி அமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். ஸ்டோர் நிறையச் சரக்கு இருந்தாலும் எல்லாம் கடன் சரக்கு என்றால் அந்த முதலாளியை நாம் பணக்காரர் என்போமா? விலை அசையாமல் இருந்தும் வங்கி எல்.சி. திறக்கத் தயங்கினால், அதுதான் முதல் மணி.

இரண்டாவது, டொலரில் கடன் வைத்துக்கொண்டு ரூபாவில் விற்றுச் செலவழிக்காதீர்கள். தவணைக்கு எடுத்த சரக்கு விற்கும்போதே கடனின் ஒரு பகுதியை அடைக்க வங்கியோடு பேசுங்கள். முன்கூட்டியே டொலர் விலையைப் பதிந்துகொள்ள வாய்ப்பிருக்கும் காலத்தில் அதற்கான சிறு செலவை நட்டமாக நினைக்காதீர்கள். எனது 31 இலட்சத்தோடு ஒப்பிட்டால் அது தேநீர்க் காசு.

மூன்றாவது, டொலர் பாயும்போது ஸ்டோரை நிரப்பாதீர்கள். பயத்தில் பிறந்த விலை நிலையான விலையல்ல. இரண்டு வாரத்துக்குத் தேவையானதை வாங்குங்கள், விற்று மீண்டும் வாங்குங்கள். தெருவில் எல்லோரும் ஐந்நூறு என்று சொல்லும் நாளில்தான் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்காகப் பழைய விலைக்குத் திரும்பும் என்று காத்திருப்பதும் பிழை. உச்சியிலிருந்து இறங்கும், ஆனால் தொடங்கிய இடத்துக்கு வராது.

நான்காவது எமது வாடிக்கையாளரைப் பற்றியது. டொலர் ஏறிய அன்றே பழைய சரக்கின் விலைச்சீட்டையும் மாற்றினோம். டொலர் இறங்கியபோது "இது பழைய சரக்கு" என்றோம். ஏறும்போது லிப்டில் ஏறி, இறங்கும்போது படியில் இறங்கினோம். எமக்கும் நட்டம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு பாடசாலை ஆசிரியர் மூன்று மாதத்தில் மூன்று விலை கேட்டுவிட்டு, கதவு போடாமலே விட்டுவிட்டார். அவர் இன்றுவரை எனது கடைக்குத் திரும்பி வரவில்லை. பழைய சரக்கையும் புதிய சரக்கையும் சேர்த்துச் சராசரி பார்த்து விலை போட்டிருந்தால் ஏற்றமும் இறக்கமும் இரண்டும் மெதுவாக நடந்திருக்கும். வாடிக்கையும் மிஞ்சியிருக்கும்.

2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்காக மத்திய வங்கி நேரடியாகப் பணம் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. நல்ல விடயம். ஆனால் சட்டம் தாளில் இருப்பது, மலிவு டொலருக்கு ஆசைப்படும் மனம் எமக்குள் இருப்பது. மீண்டும் ஒரு காலத்தில் யாராவது வந்து, டொலரை இந்த விலையில் ஆணியடித்து நிறுத்துகின்றேன் என்று சொல்லக்கூடும். அன்று எமது வர்த்தக சங்கங்கள் மாலை போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். எதை வைத்து நிறுத்தப் போகின்றீர்கள்? கையிருப்பைக் காட்டுங்கள்.

மகள் வரைந்த அந்தக் கோடு இருந்த பில் புத்தகம் முடிந்துவிட்டது. அந்தத் தாளை மட்டும் கிழித்து லாச்சியின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கின்றேன். சரக்குக்குப் பணம் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். அவளது காணியை விற்றுத்தான் அந்தப் பாடத்தைப் படித்தேன். வாசகர்கள் ஒரு பத்திரிகையின் விலையோடு படித்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்.